ஞாயிறு சாயங்காலம் தூங்கும் பெட்டி

ஜூன் 10, செவ்வாய்

இது யார் கையில் கிடைத்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், இந்த வரியோடு மூடிவிடுங்கள். படித்தே தீருவேன் என்றால் படித்துத் தொலையுங்கள், ஆனால் இன்னொருவரிடம் காட்டாதீர்கள். என்னை அடித்தால்கூடப் பரவாயில்லை. சித்திக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். அதனால்தான் எழுத்து இப்படி.

இன்று மாலை இன்டர்நெட் லைன் பார்க்கிறவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். நான் மட்டும்தான் வீட்டில். வயரை இழுத்துப் பார்த்தார், மாடிக்கு ஏறிப் பார்த்தார். பிறகு, "வீட்ல யாரு பாப்பா கம்ப்யூட்டர் வேலை?" என்று கேட்டார். "யாரும் இல்ல அங்கிள், அப்பா கார் ஓட்டக் கத்துக்குடுக்கிறார், அம்மா ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டர்" என்றேன். சித்தியைப் பற்றி மூச்சு விடவில்லை.

"லைன் நல்லாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் போகுதுன்னா அது லைன் பிரச்சினை இல்ல, ஆவி" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஏன் அப்படிக் கேட்டார்? உண்மையிலேயே லைன்காரர்தானா? போன வருடம் சித்தி இருந்த ஊரில் இப்படித்தான் யாரோ வந்து யாரையோ விசாரித்தார்கள். மறு வாரம் அவள் வீட்டு கேட்டின் போட்டோ இன்டர்நெட்டில் வந்தது. அன்றைக்கு ராத்திரியே ஒரு சூட்கேஸோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

ஜூன் 11, புதன்

லைன்காரரைக் கூப்பிட்டதே சித்திதானாம்! ஞாயிறு மாலையில் லைன் அடிக்கடி போகிறது என்று மூன்று தடவை புகார் கொடுத்திருக்கிறாள். அவர் சொன்ன ஆவிக் கதையைச் சொன்னேன். "அப்போ அடுத்த புகார் கோயிலுக்குத்தான் குடுக்கணும்" என்றாள். நேற்று ராத்திரி முழுக்க நான் பயந்தது வீண்.

ஜூன் 12, வியாழன்

சித்தி என்ன வேலை செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குக்கூட முழுதாகத் தெரியாது. "ஏதோ ஆராய்ச்சி" என்பாள்.

போன மாதம் தலைக்கு எண்ணெய் வைத்துவிடும்போது சித்தியே சொன்னாள். வகுப்பில் நான் கடைசி பெஞ்சுக்குச் சீட்டு அனுப்புகிறேன் இல்லையா? நேராக அனுப்பினால் டீச்சர் பிடித்துவிடுவார். அதனால் மூன்று பேர் கை மாறிப் போகும். நடுவில் இருப்பவளுக்கு யாரிடமிருந்து வாங்கினோம், அடுத்து யாரிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் தெரியும். யார் எழுதியது, கடைசியில் யாருக்கு, எதுவும் தெரியாது. இன்டர்நெட்டிலும் அப்படி ஒரு வழி இருக்கிறதாம். தன்னை யார் என்று காட்டிக்கொள்ள முடியாதவர்கள் அதில் போவார்கள். அடிக்கும் புருஷனிடமிருந்து தப்பி வந்தவள், முதலாளியின் திருட்டை வெளியே சொல்கிறவர், வியாதியைப் பற்றி வெட்கத்தோடு தேடுகிறவர்.

"அந்த வழி பத்திரமா இருக்கான்னு பாக்கிறதுதான் என் வேலை. எத்தனை சீட்டு போச்சுன்னு என் மேஜைக்கு அடியில இருக்கிற கருப்புப் பெட்டியை வெச்சு எண்ணுவேன். யாருதுன்னு பாக்க மாட்டேன். எண்ணிக்கையிலகூடக் கொஞ்சம் பொய் கலந்துதான் வெளியே சொல்வேன். இல்லன்னா அதை வெச்சே ஒரு ஆளைக் கண்டுபிடிச்சிடுவாங்க."

அவளுக்கு இது ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது. "டப்பால எத்தனை பிஸ்கட் தின்னே?" என்று அம்மா கேட்டால், "மூணுக்கும் ஏழுக்கும் நடுவுல அக்கா" என்பாள்.

இந்த வருடம் சித்தியின் குழு ஒரு மோசடியைப் பிடித்தது. யாரோ ஒருவன் சீட்டுக் கடத்தும் பிள்ளைகள் மாதிரி வேஷம் போட்டு நூறு பேரை நடுவில் உட்கார வைத்திருக்கிறான், எல்லாம் வேவு பார்க்க. அதைக் குழு அம்பலப்படுத்தியது. கையெழுத்து மட்டும் குழுவின் பெயரில். ஆள் பெயர் இல்லை.

"டீச்சர் சீட்டைப் படிக்கவே வேண்டாம் தெரியுமா?" என்றாள் கடைசியில். "முதல் பெஞ்சுல ஒரு கை அசையுது, கடைசி பெஞ்சுல ஒரு கை அசையுது. ரெண்டும் எப்பவும் ஒரே நேரம்னா போதும். மாட்டிக்கிட்டே."

ஜூன் 15, ஞாயிறு

வீட்டில் மறுபடியும் கதவுச் சண்டை.

அம்மாவுக்குத் தட்டுகிற பழக்கமே கிடையாது. எந்தக் கதவாக இருந்தாலும் இடுப்பால் ஒரு இடி, திறந்துகொள்ளும். காலையில் சித்தி யாருடனோ கம்ப்யூட்டரில் பேசிக்கொண்டிருந்தபோது துணிக்கூடையோடு உள்ளே போய்விட்டாள். சித்தி சட்டென்று மூடினாள்.

"அக்கா, ஒரு தட்டு தட்டிட்டு வரக் கூடாதா?"

"என் வீட்டுக் கதவை நான் தட்டணுமா? நான் என்ன கொரியர்க்காரனா?"

"தட்டி, நான் வான்னு சொன்னதும் வாயேன். அவ்வளவுதான் கேக்கிறேன்."

"அப்படி என்னடி பேசுறே, எனக்குத் தெரியக் கூடாம? உனக்குக் கோவணம் கட்டிவிட்டவ நான்."

அப்பா பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இந்தச் சாலையில் ஓவர்டேக் செய்யக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

மாலையில் சித்தி வழக்கம்போல் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு ஏரியைச் சுற்றி நடக்கப் போனாள். அவள் படி இறங்கியதும் அம்மா அவள் அறைக்குள் புகுந்தாள். பெருக்கினாள், துடைத்தாள், பிறகு இஸ்திரி போட்டாள். அப்பாவின் வெள்ளைச் சட்டைகள், அம்மாவின் கோட்டு, என் யூனிபார்ம். இஸ்திரி தாங்குகிற பெரிய ப்ளக் வீட்டில் இரண்டு இடத்தில்தான். ஒன்றில் பிரிட்ஜ். இன்னொன்று சித்தியின் அறையில். சித்தி வருவதற்குள் எல்லாவற்றையும் இருந்தது இருந்தபடி வைத்துவிடுவாள். வீம்பு ஒரு பக்கம், பாசம் ஒரு பக்கம்.

ஜூன் 17, செவ்வாய்

தெரிந்துவிட்டது. ஐயோ, எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

இடைவேளையில் குண்டூசி — என் பக்கத்து பெஞ்சு, ஆள் ஒல்லி, வாய் கூர் — அவள் அண்ணன் கொடுத்த தாள் ஒன்றைக் காட்டினாள். இன்டர்நெட்டில் 'ஆந்தை' என்று ஒருவன் புதிர் போடுவானாம். ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து விடை தேடுவார்களாம். இந்த மாதப் புதிர்: அந்த மோசடியைப் பிடித்த குழுவில் இருப்பவர்கள் யார்? எங்கே குடியிருக்கிறார்கள்?

"சூப்பரா இருக்குடி. இவங்ககிட்ட எண்ணுறதுக்குன்னு பன்னண்டு பெட்டி இருக்காம். இதுல ஏழாம் நம்பர் மட்டும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் தூங்குது. ஆபீஸ்னா தூங்காது, அது வீடுன்னு ஆந்தை சொல்றான். அங்க ஞாயித்துக்கிழமை என்ன நடக்குதுன்னு கண்டுபிடிக்கணும்."

தாளில் கட்டம் போட்டிருந்தது. வாரா வாரம் ஒரே இடத்தில் ஒரு பள்ளம்.

பள்ளத்தைப் பார்த்ததும் எனக்கு அம்மாதான் தெரிந்தாள். சித்தியின் மேஜைக்கு அடியில் குனிந்து, கருப்புப் பெட்டியின் வயரைப் பிடுங்கி, இஸ்திரி வயரைச் செருகுகிற அம்மா.

லைனும் இல்லை, ஆவியும் இல்லை.

ஜூன் 18, புதன்

யாரிடம் சொல்வது? சித்தியிடம் சொன்னால் போய்விடுவாள். வந்த அன்றே சொன்னாள்: "என்னைத் தேடி எவனாவது கிளம்பினான்னு தெரிஞ்சா நான் இங்க இருக்க மாட்டேன். உங்க வாசல்ல வந்து நிக்க விடமாட்டேன்." அம்மாவிடம் சொன்னால் ஊருக்கே கேட்கும்.

ஜூன் 21, சனி

கடவுள் இருக்கிறார். நாளை பள்ளி ஆண்டு விழா. அதனால் அம்மா இன்றே இஸ்திரி போட்டுவிட்டாள், சித்தி கடைக்குப் போன நேரத்தில். நாளை பள்ளம் விழாது! ஆந்தை ஏமாந்து போவான். இரண்டு வாரமாக நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. சித்தி என் பின்னலில் கிளிப் வைத்துப் பார்த்து, "மேடையில நடுங்கக் கூடாது" என்றாள். மேடை ஒரு பயமா எனக்கு?

ஜூன் 24, செவ்வாய்

நான் ஒரு முட்டாள். முட்டாள். முட்டாள்.

ஆந்தை ஏமாறவில்லை. குண்டூசி குதித்துக்கொண்டு வந்தாள்.

"இந்த வாரம் சனிக்கிழமையே தூங்கிடுச்சுடி! அப்போ ஞாயித்துக்கிழமை அந்த வீட்ல ஏதோ விசேஷம்னு அர்த்தம். எந்த ஊர்ல ஞாயித்துக்கிழமை என்ன நடந்துச்சுன்னு எல்லாரும் எழுதிப் போடுங்கன்னு ஆந்தை கேட்டிருக்கான். நம்ம ஸ்கூல் விழாவும் அன்னிக்குத்தானே! இன்னிக்கு ராத்திரி அப்பா போன் தருவாரு, நானும் போட்டுவிடப் போறேன். நம்ம ஊரா இருந்தா எப்படி இருக்கும்!"

"போடாதேடி" என்றேன்.

"ஏன்?"

"போடாதே."

"அதான் ஏன்னு கேக்கிறேன்."

"ஏன்னு கேக்காதே. உன் கால்ல வேணா விழறேன்."

அவளுக்கு முகம் மாறிவிட்டது. குண்டூசியிடம் ஒரு விஷயத்தைக் கேட்காதே என்பது தண்ணீரிடம் ஓடாதே என்பது மாதிரி. யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். கணக்கு வகுப்பு முழுக்க என் பக்கம் திரும்பவே இல்லை. பெஞ்சு மாறி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். சித்தியின் பழைய வீட்டு கேட் மாதிரி எங்கள் கேட்டும், எங்கள் செம்பருத்திச் செடியும், அப்பாவின் பழைய காரும் போட்டோவில் வருவது மனக்கண்ணில் தெரிந்தது.

கடைசி மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சீட்டு வந்தது. மூன்று பேர் கை மாறி.

"கேக்க மாட்டேன். போடவும் மாட்டேன். ஆனா ஒரு மாசத்துக்கு உன் டிபன்ல பாதி எனக்கு."

பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

ஜூன் 25, புதன்

சொல்லிவிட்டேன்.

சித்தியின் கதவைத் தட்டி, "வா" வரும்வரை நின்று, உள்ளே போய், ஆந்தையிலிருந்து இஸ்திரிவரை ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். முதலில் மேஜைக்கு அடியில் ப்ளக்கைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கட்டிலில் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"பாவம் அந்த லைன்காரர்! மூணு தடவை புகார் குடுத்து அவரை மாடி ஏத்தினேனே! உலகத்துல எவன் எந்த நேரத்துல கையை அசைக்கிறான்னு கண்டுபிடிக்கிறவ நான். என் அக்கா இஸ்திரி போடறது எனக்குத் தெரியலையே!"

நானும் சிரித்தேன். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர்.

பிறகு என் முகத்தைத் துடைத்துவிட்டு, "நீ ஏன் கண்ணு இத்தனை நாள் தனியாச் சுமந்தே?" என்றாள்.

"சொன்னா நீ போயிடுவே."

சித்தி குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து சூட்கேஸை இழுத்தாள்.

ஜூன் 26, வியாழன்

அம்மாவுக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது. சூட்கேஸைப் பார்த்துவிட்டாள், அப்புறம் மறைக்க முடியுமா?

முதலில் கோபம். "என் கூரைக்குக் கீழ, எனக்குத் தெரியாம, இவ்வளவு நடந்திருக்கா? இந்தப் பொடுசுக்குத் தெரியும், எனக்குத் தெரியாதா? நான் யாருக்குச் சொல்லப் போறேன்?"

"நீ சொல்லமாட்டே அக்கா. ஆனா மாடி வீட்டம்மா கேட்டா உன் முகம் சொல்லிடும்."

"என் முகம் சொல்லுமா? அவ தினமும் கேக்கிறா, அந்த வாத்தியார் என்ன மாத்திரை வாங்குறாரு, அந்தப் பொண்ணு எதுக்கு வந்தாள்னு. ஒரு தடவை என் வாயைத் திறக்க வெச்சிருக்காளா? மாத்திரைக்குத்தான் பேரு, வாங்குறவங்களுக்குப் பேரே கிடையாதுன்னு சொல்லி அனுப்புவேன். பதினெட்டு வருஷமா கவுன்ட்டர்ல நிக்கிறேன்டி!"

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். அப்பா பேப்பரைக் கீழே இறக்கினார்.

"அதேதாம்மா உன் தங்கச்சியும் கேக்கிறா" என்றார், மெதுவாக.

அம்மா சூட்கேஸின் மேல் உட்கார்ந்துவிட்டாள். மூடியும் அடியும் நசுங்குகிற மாதிரி. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் இனிமே இஸ்திரியே போடல. கசங்கின சட்டையோட போகட்டும் அந்த மனுஷன். நீ போகாதே" என்றாள்.

"திடீர்னு நிறுத்தினாலும் தெரிஞ்சிடும் அக்கா. அடுத்த ஞாயித்துக்கிழமை ஏழாம் நம்பர் தூங்கலன்னா, பயந்துட்டாங்க, நெருங்கிட்டோம்னு அவனுக்குப் புரிஞ்சிடும்."

"அப்போ போட்டாலும் தப்பு, போடலைன்னாலும் தப்பா? இது என்னடி இஸ்திரியா, கண்ணிவெடியா?"

சித்தி ஞாயிறுவரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஞாயிறுவரை மட்டும்.

ஜூன் 27, வெள்ளி

சித்தி குழுவுக்கு எழுதினாள். என்னை அருகில் உட்கார வைத்துப் படித்துக் காட்டினாள். "நம் பெட்டிகளில் ஒன்று ஞாயிறு தோறும் தூங்குகிறது. காரணம் வீட்டு விஷயம். அதற்கு மேல் கேட்க வேண்டாம்." அவ்வளவுதான். அவர்களில் யாரையும் அவள் நேரில் பார்த்ததில்லையாம். என்ன பதில் வரும் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

எப்படி எழுதுவது இதை!

மாலையில் சித்தி நடக்கப் போகவில்லை. நாங்கள் நாலு பேரும் அவள் அறையில். அம்மா இஸ்திரியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆபரேஷனுக்கு நிற்கிற டாக்டர் மாதிரி. "இப்ப பிடுங்கட்டுமா?"

"பிடுங்கு அக்கா."

கருப்புப் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. சித்தி தன் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினாள். பன்னிரண்டு பச்சைப் புள்ளிகள் இருக்க வேண்டிய இடம். ஏழாவது சாம்பல் நிறமாகிவிட்டது.

பிறகு மூன்றாவது அணைந்தது. பதினொன்று அணைந்தது. ஒன்று, நான்கு, பன்னிரண்டு. ஒவ்வொன்றாக, எங்கெங்கோ, எவரெவரோ தங்கள் வீட்டில் குனிந்து வயரைப் பிடுங்குகிறார்கள். கடைசியாக ஒன்பது மட்டும் வெகு நேரம் எரிந்துகொண்டிருந்தது.

"அவங்களுக்கு இப்ப விடியற்காலை. அலாரம் வெச்சு எந்திரிக்கணும்" என்றாள் சித்தி.

அதுவும் அணைந்தது.

இஸ்திரி சூடேறி டிக்கென்றது.

"இவங்கல்லாம் யாருடி?" அம்மா கேட்டாள். குரலே வேறு மாதிரி.

"தெரியாது அக்கா."

"ஏன் தூங்குதுன்னு கேட்டாங்களா?"

"ஒருத்தரும் கேக்கல. யார் பெட்டின்னுகூடக் கேக்கல. இனிமே எல்லா ஞாயித்துக்கிழமையும் எல்லாரும் தூங்கலாம்னு மட்டும் எழுதினாங்க. நடந்ததை அழிக்க முடியாது. ஆனா புதுசா ஒண்ணும் அவன் கையில சிக்காது. ரெண்டு மாசத்துல பெட்டி நம்பரை எல்லாம் கலைச்சுப் போட்டுடுவோம்."

அம்மா ரொம்ப நேரம் அந்தச் சாம்பல் புள்ளிகளையே பார்த்தாள். பிறகு அப்பாவின் வெள்ளைச் சட்டையை எடுத்து விரித்தாள். இவ்வளவு கவனமாக அவள் இஸ்திரி போட்டு நான் பார்த்ததில்லை. காலரை மூன்று முறை தேய்த்தாள். "பதினோரு பேரு விளக்கை அணைச்சுட்டு உக்காந்திருக்காங்க, அவசர அவசரமாவா தேய்க்க முடியும்?" என்றாள்.

அப்பா, "என் சட்டைக்கு இவ்வளவு மரியாதை கல்யாணத்தன்னிக்குக்கூடக் கிடைக்கல" என்றார்.

ஜூலை 3, வியாழன்

குண்டூசி என் டிபனில் பாதியைத் தின்றுகொண்டே சொன்னாள்: "ஆந்தை அந்தப் புதிரை விட்டுட்டான். பன்னண்டும் ஞாயித்துக்கிழமை தூங்குதாம். சோம்பேறிங்கன்னு திட்டிட்டு வேற புதிர் போட்டிருக்கான்." அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கேட்கவில்லை. வாய் துடித்தது அவளுக்கு, நன்றாகத் தெரிந்தது. இன்னொரு வாய் எடுத்து அடைத்துக்கொண்டாள்.

நாளை முழு டிபனையும் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

ஜூலை 5, சனி

சூட்கேஸ் பரணில். உள்ளே என் சின்ன வயது ஸ்வெட்டர்களையும் பழைய போர்வைகளையும் திணித்து சித்தியே ஏற்றிவிட்டாள். "இனி அவசரத்துக்கு இறக்க முடியாது, கனம்" என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

இன்றும் பன்னிரண்டும் தூங்கின. அம்மாவே போனைப் பார்த்து எண்ணினாள். "ஒன்பதாம் நம்பரு பாவம், விடியற்காலையில எழுப்பிவிடறோம்" என்று வருத்தப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தலையணை உறை மாற்றுகிற நாள். எப்போதும் அம்மாவே கழற்றி மாட்டுவாள். இந்த நோட்டு என் தலையணை உறைக்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் காலையிலேயே எடுத்துப் புத்தகப் பைக்கு மாற்றிவிடுவேன், இன்று மறந்துபோனேன். ஓடி வந்தால், அம்மா வாசல்படியில் துவைத்த உறையோடு நிற்கிறாள். என் கையில் கொடுத்து, "நீயே மாத்திக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தெரியுமா அவளுக்கு? எவ்வளவு நாளாக?

ஜூலை 8, செவ்வாய்

இன்று எழுத ஒன்றும் இல்லை. கணக்கில் குறைந்த மார்க். குண்டூசிக்கு என்னைவிடக் குறைவு. சாப்பாட்டு நேரத்தில் எந்த எண்ணைக் கேட்டாலும் சித்தி பொய் கலந்து சொல்லிச் சொல்லி, அம்மாவுக்கும் அது தொற்றிக்கொண்டது. எத்தனை மணிக்கு வருவே என்று அப்பா கேட்டதற்கு, "ஆறுக்கும் எட்டுக்கும் நடுவுல" என்றாள். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

இரு. நடையில் செருப்புச் சத்தம். டார்ச்சை அணைக்கவா?

என் கதவுக்கு வெளியே வந்து நிற்கிறது. சித்தி வெறுங்காலோடு நடப்பாள். அப்பா இருமிக்கொண்டு வருவார். இது அம்மாவின் செருப்பு. இப்போது இடுப்பால் ஒரு இடி, கதவு படாரென்று — நோட்டை எங்கே

தட்டுகிறாள்.

அம்மா தட்டுகிறாள்! மெதுவாக, விரல் முட்டியால், பழக்கமில்லாதவள் மாதிரி. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரகசியக் குரலில்: "கொரியர்."

இன்னும் தள்ளவில்லை. நான் வா என்று சொல்கிறவரை நிற்பாள் போலிரு—